கொல்லையில் புதைந்திருந்த 12,000 லிட்டர் இரும்புத் தொட்டியை இடம் மாற்றியது: ஒரு நிகழ்வு ஆய்வு

பின்னணி

வேலூர் மாவட்டத்தில், குடியாத்தத்துக்கும் பேர்ணாம்பட்டுக்கும் இடைப்பட்ட ஓர் ஊரின் மோட்டுக் கொல்லையில் நடந்தது இது. நிலம் மானாவாரிப் புஞ்சை. மழை பெய்தால் மல்லாட்டையும் (நிலக்கடலை) ஊடே துவரையும் விதைப்பார்கள்; ஓர் ஏக்கரில் மட்டும் மாமரங்களுக்குச் சொட்டுநீர் போட்டிருக்கிறார்கள். மேலே மூன்றடி செம்மண், அதற்குக் கீழே கடப்பாரை பட்டால் தெறிக்கும் மொரம்பு, அதற்கும் கீழே கரும்பாறை. எழுநூறு அடி ஆழத்துக்குப் போட்ட ஆழ்துளைக் கிணறு மணிக்கு ஏறத்தாழ 1,500 லிட்டர்தான் கொடுக்கிறது. மும்முனை மின்சாரம் முறை வைத்து வருவதால், வரும் நேரத்தில் ஏற்றித் தேக்கிக்கொண்டு, விடிந்ததும் சிறிய மோட்டாரில் சொட்டுநீர்க் குழாய்க்கு விடுவதுதான் அங்கே நடைமுறை. தேக்குவதற்குத் தொட்டி இல்லையென்றால் தோப்பு இல்லை.

பதினான்கு ஆண்டுகளுக்கு முன்னால், குடும்பத்தின் மூத்தவரான அண்ணன் பழைய இரும்பு வியாபாரி ஒருவரிடமிருந்து கழித்துப்போட்ட டேங்கர் லாரியின் உருளையை வாங்கிப் புதைத்தார். நீளம் 4.5 மீட்டர், குறுக்களவு 1.85 மீட்டர், தகட்டின் கனம் 5 மில்லிமீட்டர், கொள்ளளவு 12,000 லிட்டர். அக்னி நட்சத்திரத்தில் மேலே வைத்த தொட்டியின் தண்ணீர் கை வைக்க முடியாதபடி கொதிக்கும், பாசி பிடித்துச் சொட்டுவான்கள் அடைக்கும் என்பதால்தான் அதை மண்ணுக்குள் வைத்தார். அது சரியான முடிவாகவே இருந்தது.

சென்ற ஆண்டு சித்திரையில் அண்ணன் தம்பி இருவருக்கும் பாகப்பிரிவினை ஆயிற்று. நில அளவர் வந்து கல் நட்டபோது, தொட்டி தம்பியின் பாகத்துக்குள் மூன்று மீட்டர் தள்ளிக் கிடப்பது தெரிந்தது. அந்த இடத்தில்தான் தம்பி வீடு கட்டுவதாக இருந்தார். அண்ணனுக்கு மூன்று வழிகள் இருந்தன. தொட்டியைப் பழைய இரும்பு விலைக்குக் கொடுத்துவிட்டுப் பிளாஸ்டிக் தொட்டி வாங்கலாம். காங்கிரீட்டில் புதிதாகக் கட்டலாம். இருப்பதையே எடுத்து 140 மீட்டர் தள்ளித் தன் பாகத்தில் வைக்கலாம். மூன்றாவதைத் தேர்ந்தெடுத்தார். செலவுக் கணக்கு அதற்கு ஒரு காரணம்; தன் கையால் வைத்ததை உடைத்துப் போட மனம் வராதது இன்னொரு காரணம். கட்டட மேற்பார்வையாளனாகிய நான் இதில் முதல் முயற்சி தோற்ற பிறகே வந்து சேர்ந்தேன். ஆகவே முதல் முயற்சியைப் பற்றி இங்கே எழுதியிருப்பது அங்கிருந்தவர்கள் சொன்னதையும், நான் போனபோது கண்ட தடயங்களையும் வைத்து எழுதியது.

முதல் முயற்சி

ஆனி மாதக் கடைசியில் ஒரு ஜேசிபியை மட்டும் அழைத்து வேலையைத் தொடங்கியிருக்கிறார்கள். தொட்டியின் தண்ணீரை மோட்டார் போட்டு இறைத்து, இரண்டு பக்கமும் மண்ணை வாரியெடுத்து, மேன்ஹோலின் கழுத்தில் சங்கிலியைச் சுற்றி, ஜேசிபியின் பின்கையால் தூக்கிப் பார்த்திருக்கிறார்கள். தொட்டியின் ஒரு முனை அரையடி எழும்பியதும் உள்ளே ஏதோ சரிந்து ஓடும் சத்தம் கேட்டது. மறு முனை இறங்கியது. கழுத்தின் பற்றவைப்பு ஒரு சாண் நீளத்துக்குப் பிளந்தது. ஓட்டுநர் புத்திசாலி, அத்துடன் நிறுத்திவிட்டார்.

வெறும் தொட்டி எவ்வளவு கனம் இருக்கும் என்று யாரும் கணக்குப் போடவில்லை என்பதைவிட, தொட்டி வெறும் தொட்டிதானா என்று யாரும் பார்க்கவில்லை என்பதே இங்கே கவனிக்க வேண்டியது. தகட்டின் பரப்பையும் கனத்தையும் வைத்துப் பார்த்தால் உருளை மட்டும் 1.2 டன்னுக்குச் சற்று மேல். உள்தடுப்புகளையும் மேன்ஹோலையும் சேர்த்தால் ஒன்றரை டன். ஆனால் அடியில் 20 சென்டிமீட்டர் உயரத்துக்கு வண்டல் படிந்திருந்தது. அது மட்டுமே ஏறத்தாழ 1.1 டன். மோட்டாரின் உறிஞ்சுகுழாய்க்கு எட்டாமல் வண்டலின் மேல் நின்ற தண்ணீர் இன்னும் அரை டன்னுக்கு மேல். ஆக, ஒன்றரை டன் என்று நினைத்துத் தூக்கியது மூன்று டன்னைத் தாண்டியிருந்தது. அதிலும் பாதி, ஒரு முனை எழும்பியவுடன் மறு முனைக்கு ஓடக்கூடிய கனம். தூக்குவதற்கென்று செய்யப்படாத கழுத்து அதைத் தாங்கியிருந்தால்தான் வியப்பு.

வண்டலை வெளியேற்றியது

நான் போய்ப் பார்த்ததும் எடுத்த முதல் முடிவு, வண்டல் முழுவதும் வெளியே வரும்வரை தொட்டியை யாரும் அசைக்கக் கூடாது என்பது. அடுத்த கேள்வி, அதை யார் எப்படி எடுப்பது. மேஸ்திரியிடம் அதற்கு விடை தயாராக இருந்தது. "வத்தி ஏத்தி உள்ள எறக்கிப் பாத்துட்டு, அணையலைன்னா எறங்கிடலாங்க சார். கெணத்துல அப்டித்தான பண்றோம்" என்றார்.

கிணற்றில் அப்படிச் செய்வது உண்டு. அதனால் உயிர் பிழைத்தவர்களும் உண்டு. ஆனாலும் நான் ஒப்புக்கொள்ளவில்லை. மூடிய இரும்புத் தொட்டியில் துருப்பிடித்தல் என்பதே காற்றிலுள்ள ஆக்சிஜனை இரும்பு தின்பதுதான். பல ஆண்டுகள் மூடிக் கிடந்தால் உள்ளே இருப்பது நாம் மூச்சுவிடும் காற்றாக இராது. ஆக்சிஜன் மிகவும் குறைந்தால் மெழுகுவத்தி அணைந்து காட்டும் என்பது உண்மை. ஆனால் அழுகிய வண்டலைக் கிளறும்போது வெளிப்படும் ஹைட்ரஜன் சல்ஃபைடை அது காட்டாது. அந்த வாயு முதலில் முட்டை நாற்றமாகத் தெரிந்து, அளவு கூடியதும் மூக்கையே மரத்துப்போகச் செய்துவிடுவதால், "நாற்றம் போய்விட்டது, இறங்கலாம்" என்று நினைக்கும் நேரமே மோசமான நேரம். இவை போக, அந்த உருளை லாரியில் இருந்த காலத்தில் எதை ஏற்றியது என்பது வியாபாரிக்கும் தெரியாது, வாங்கியவருக்கும் தெரியாது. அப்படிப்பட்ட தொட்டிக்குள் நெருப்பை இறக்குவதை எந்த வழக்கத்தின் பெயராலும் ஏற்க முடியாது.

ராணிப்பேட்டை சிப்காட்டில் ஒப்பந்த வேலை செய்யும் ஒருவரிடம் வாயு அளவுக் கருவி ஒன்றை வாடகைக்கு வாங்கினோம். மேன்ஹோல் ஓர் இரவு திறந்தே கிடந்தது. மறுநாள் காலையில் கருவியைக் கயிற்றில் கட்டி அடிவரை இறக்கினோம். பாதி ஆழம் போவதற்குள் அது அலறத் தொடங்கிவிட்டது. மேலே இழுத்துப் பார்த்தால் பதிவான ஆக்சிஜன் 17.2 சதவீதம். வெளிக்காற்றில் இருப்பது 20.9, 19.5-க்குக் கீழே ஆள் இறங்கக் கூடாது. அந்த அளவில் மெழுகுவத்தி அணையாமல் எரிந்துகொண்டிருக்கக்கூடும் என்று மேஸ்திரியிடம் சொன்னபோது அவர் பதில் பேசவில்லை. கருவியை வாங்கித் தன் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். அன்று மாலைவரை அதை யாரிடமும் கொடுக்கவில்லை.

முதலில் ஆளை இறக்காமல் எவ்வளவு எடுக்க முடியுமோ அவ்வளவையும் எடுத்தோம். மேலிருந்து தண்ணீரைப் பீய்ச்சிக் கலக்கி, சேற்று மோட்டாரால் உறிஞ்சியதில் மூன்றில் இரண்டு பங்கு வந்தது. மீதி உள்தடுப்புத் தகடுகளின் பின்னால் ஒளிந்திருந்தது. அதற்காக ஊதுவிசிறி வைத்து அடிவரை காற்றைச் செலுத்தி, கருவி தொடர்ந்து 20.9 காட்டியபின், இடுப்பு வாரும் கயிறும் கட்டிய ஒருவரை முக்காலிச் சட்டத்தின் வழியாக இறக்கினோம். அவர் உள்ளே இருந்த நேரம் முழுவதும் விசிறி ஓடியது, கருவி அவர் சட்டையில் இருந்தது, மேலே இருவர் கயிற்றை விடாமல் நின்றார்கள். கால் மணிக்கு ஒரு முறை அவரை மேலே வரவழைத்தோம். அரை நாள் வேலை ஒரு முழு நாள் ஆயிற்று.

உள்ளே கழுவிக் காயவிட்டு, வெளிப்புறத்தைச் சுத்தியலால் தட்டிப் பார்த்ததில், அடிவயிற்றில் இரண்டு இடங்களில் மட்டும் சத்தம் செத்திருந்தது; அங்கே தகடு துருவில் மெலிந்துவிட்டது என்று பொருள். இரண்டுக்கும், பிளந்த கழுத்துக்கும், விசிறியை நிறுத்தாமல் வெளிப்புறத்திலிருந்தே தகடு வைத்துப் பற்றவைத்தோம்.

தூக்கியதும் கொண்டுபோனதும்

இதைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை, ஏனென்றால் ஒழுங்காக நடந்தது. ஆவணி மாதத்தில், 12 டன் ஹைட்ரா கிரேன் ஒன்றை அழைத்தோம். பெயரில் 12 டன் என்றாலும் கையை நீட்ட நீட்ட அது தூக்கக்கூடிய எடை குறைந்துகொண்டே போகும் என்பதால், வண்டியின் அட்டவணையைப் பார்த்து, குழியின் விளிம்பிலிருந்து எவ்வளவு தள்ளி நிற்கலாம் என்பதை முன்கூட்டியே சுண்ணாம்புக் கோடு போட்டு வைத்தோம். இரண்டு முனைகளிலிருந்தும் 90 சென்டிமீட்டர் தள்ளி, உருளையின் அடியைச் சுற்றி இரண்டு அகலப் பெல்ட்டுகள். கழுத்தை யாரும் தொடவில்லை. அடிவயிற்றை ஒட்டிய களி விடாமல் பிடித்துக்கொண்டது. வெடுக்கென்று இழுக்காமல், இரண்டு பக்கமும் தண்ணீர் பீய்ச்சிக் களியை இளக்கிக் காத்திருந்ததில், கால் மணி நேரத்தில் தொட்டி மெல்லக் கழன்று வந்தது. உழுத மண்ணில் டயர் புதையும் என்று போகும் வழியில் மொரம்பு பரப்பியிருந்தோம். முனைக்கு ஒருவராகக் கயிறு பிடித்து, தரையிலிருந்து ஓர் அடிக்கு மேல் உயர்த்தாமல் கொண்டுபோனோம். வழியில் குறுக்கே போகும் மின்கம்பிக்கு மின்வாரியத்தில் எழுதிக் கொடுத்து அந்த ஒரு மணி நேரம் மின்சாரத்தை நிறுத்தச் செய்திருந்தோம்.

மாலை நாலரை மணிக்குத் தொட்டி புதிய குழிக்குள், எம்-சாண்ட் (கல்லை உடைத்துச் செய்யும் மணல்) படுகையின் மேல், மட்டம் பார்த்து உட்கார்ந்தது. பாலாற்று மணல் இருந்தால் நன்றாக இருக்கும் என்று ஒருவர் சொன்னார். அனுமதியில்லாமல் அள்ளுவது குற்றம் என்பதால் அந்தப் பேச்சு அத்துடன் நின்றது.

அன்று இரவு

பிழை அந்த நாலரை மணிக்குத்தான் நடந்தது. ஜேசிபி ஓட்டுநருக்கு வேறு ஊரில் வேலை இருந்தது. "மானத்துல ஒரு பொட்டு மேகம் இல்லண்ணா. காலையில வந்து மண்ணு தள்ளிக்கலாம்" என்று அண்ணனிடம் சொன்னார். தொட்டியில் தண்ணீர் நிரப்பாமல் விட்டுப் போகலாமா என்ற கேள்வி எழுந்தது. இரவு பத்து மணிக்கு மும்முனை மின்சாரம் வரும், ஆழ்துளைக் கிணற்றிலிருந்து எட்டு மணி நேரம் ஓடினால் காலைக்குள் தானே நிறைந்துவிடும் என்று அண்ணன் சொன்னார். கணக்கு சரியாகத்தான் இருந்தது. நானும் தலையசைத்துவிட்டு வண்டியேறினேன்.

ஆவணியில் வேலூர்ப் பக்கம் பகலெல்லாம் காய்ந்து பொழுது சாய்ந்ததும் இடி மழை பிடிப்பது புதிதல்ல. எட்டு மணிக்குப் பிடித்தது, இடி தொடங்கிய சில நிமிடங்களில் மின்சாரம் போயிற்று, விடியும்வரை வரவில்லை. தொட்டியைக் கனமாக்க வேண்டிய தண்ணீர் மின்சாரத்தை நம்பியிருந்தது. அதைக் கிளப்ப வந்த தண்ணீரோ மின்சாரம் போகும் வேளையிலேயே வந்தது. இரண்டும் ஒரே காரணத்தால் ஒரே நேரத்தில் நடக்கக் கூடியவை என்பதை நாங்கள் ஒருவரும் சேர்த்து யோசிக்கவில்லை.

காலையில் தொட்டி குழியில் மிதந்துகொண்டிருந்தது. கிழக்கு முனை குழிச்சுவரில் சாய்ந்து ஏறியிருந்தது. முந்தைய மாலை இணைத்திருந்த இரண்டரை அங்குலக் குழாய் முறிந்திருந்தது. மேல்புறத்துச் சுவர் இரண்டு வண்டி அளவுக்குச் சரிந்து தொட்டியின் அடியில் போயிருந்தது. ஒரு டன்னுக்கு மேற்பட்ட இரும்பு மிதக்குமா என்று அண்ணன் திரும்பத் திரும்பக் கேட்டார். ஒன்றரை டன் எடையுள்ள அந்த உருளை மிதக்க, அதன் அடியிலிருந்து 34 சென்டிமீட்டர் தண்ணீர் போதும். ஓர் அடிக்குச் சற்று அதிகம். குழி நீளம் 6 மீட்டர், அகலம் 3.2 மீட்டர். அதில் அந்த உயரத்துக்குத் தண்ணீர் நிற்க ஏறத்தாழ 5,000 லிட்டர் வேண்டும். குழியின் மேட்டுப்புறத்தில் ஐந்து சென்ட் நிலத்தில் ஐந்து சென்டிமீட்டர் மழை பெய்து, அதில் பாதி ஓடிவந்தாலே அந்த 5,000 லிட்டர் கிடைத்துவிடும். தோண்டிய மண்ணையெல்லாம் ஜேசிபி பள்ளப்புறத்தில் குவித்திருந்ததால், மேட்டுப்புறம் வாய் திறந்து கிடந்தது. மொரம்பில் வெட்டிய குழி, வந்த தண்ணீரை உறிஞ்சாமல் தொட்டி போலவே தேக்கி வைத்தது.

வேலூரைப் பற்றித் தண்ணீரில்லாத ஆறு, மரமில்லாத மலை என்று ஒரு பட்டியலே சொல்வார்கள். அந்தப் பேச்சில் ஊறிய காதுக்கு, வறண்ட கொல்லையில் தண்ணீரால் ஓர் ஆபத்து வரும் என்பது ஏறவில்லை. 2021 நவம்பரில் இதே பாலாறு கரை புரண்டு ஓடியதை அங்கிருந்த எல்லாரும் பார்த்தவர்கள்தான்.

மறுபடியும் வைத்தது

காலையில் எல்லாரும் சொன்ன யோசனை, குழித்தண்ணீரை இறைத்துவிட்டால் தொட்டி தானே கீழே உட்காரும் என்பது. உட்காரும்தான், ஆனால் சரிந்த மண்ணின் மேல் கோணலாக உட்காரும், அதன்பின் அடியைச் சரிசெய்ய வழியில்லை. மிதக்கும் நிலையிலேயே உள்ளே தண்ணீர் நிரப்பலாம் என்பது இன்னொரு யோசனை. சாய்ந்திருக்கும் உருளையில் தண்ணீர் தாழ்ந்த முனைக்கே ஓடி, சாய்வை இன்னும் கூட்டும் என்பதால் அதையும் விட்டோம். ஹைட்ராவை மறுபடி வரவழைத்து, பெல்ட்டில் தொங்கவிட்டபடியே குழியை மெதுவாக இறைத்து, தொட்டியை வெளியே வைத்தோம். ஆள் உயரத்துக்கு மேல் ஆழமான அந்தக் குழியில், சுவர்களைச் சரிவாக வெட்டி முடிக்கும்வரை யாரையும் இறங்கவிடவில்லை.

இந்த முறை மூன்று மாற்றங்கள் செய்தோம். முதலாவது, குழிக்கு மேட்டுப்புறத்தில் பிறை வடிவில் ஒரு வரப்பும், அதன் வெளிப்புறம் ஒரு சிறு வாய்க்காலும். இரண்டாவது, தொட்டியின் இரண்டு பக்கத்திலும் அடிமட்டத்தில் 5 மீட்டர் நீளம், 40 சென்டிமீட்டர் சதுரத்தில் ஒவ்வொரு காங்கிரீட் கட்டை. அவற்றில் பதித்த கொக்கிகளிலிருந்து தொட்டியின் முதுகுக்கு மேலாக, அடியில் ரப்பர் வைத்த மூன்று இரும்புப் பட்டைகள். தொட்டி காலியாகவும் சுற்றி மண் முழுக்க ஊறியும் இருந்தால் மேல்நோக்கித் தள்ளும் விசை பத்து டன்னுக்கு மேல். மேலே போடும் இரண்டடி மண் காய்ந்திருக்கும்போது 9 டன் என்றாலும், தண்ணீரில் மூழ்கினால் பாதிதான் கணக்கில் வரும். மீதியைக் கட்டைகளும் அவற்றின் மேல் நிற்கும் மண்ணும் பிடிக்க வேண்டும். மூன்றாவது, தொட்டியை இறக்குவதற்கு முன்பே ஒரு தண்ணீர் லாரி வந்து நின்றது. பட்டைகளை முடுக்கிய கையோடு 6,000 லிட்டர் உள்ளே போயிற்று. அதற்குப் பிறகுதான் இரண்டு பக்கமும் ஒரே அளவாக, ஓர் அடிக்கு ஓர் அடுக்காக எம்-சாண்டைப் போட்டு, அடிவயிற்றுக்குக் கீழே கைத்தடியால் குத்தி நிரப்பினோம். அண்ணன் அன்று இரவு அங்கேயே கட்டில் போட்டுப் படுத்தார், மழை வரவில்லை.

பின்னர் கண்டது

தொட்டியின் பக்கத்தில், துளையிட்ட நாலு அங்குலக் குழாய் ஒன்றைக் குழியின் அடிவரை செங்குத்தாக நிறுத்தியிருந்தோம். கார்த்திகையில் மூன்று நாள் விடாமல் பெய்த மழைக்குப் பிறகு, மூங்கில் கழி விட்டுப் பார்த்ததில் அதில் 1.2 மீட்டர் தண்ணீர் நின்றது. தொட்டி காலியாக இருந்திருந்தால் ஐந்து டன்னுக்கு மேற்பட்ட விசை அதை மேலே தள்ளியிருக்கும். மண்ணின் மேல் வரைந்து வைத்த மட்டக்குறியில் ஒரு மயிரிழை மாற்றமும் இல்லை. அந்தத் தண்ணீர் வடிய ஒன்பது நாள் ஆயிற்று. இந்தச் சித்திரையில் அண்ணனும் மேஸ்திரியும் மறுபடி கருவி வைத்துப் பார்த்துவிட்டு மேன்ஹோலிலிருந்து டார்ச் அடித்துப் பார்த்தார்கள். பற்றவைத்த இடங்களில் கசிவு இல்லை.

மாற்றியிருக்க வேண்டியவை

ஜேசிபி ஓடியது மொத்தம் 26 மணி நேரம். அதில் 11 மணி நேரம் முதல் முயற்சிக்கும் மிதந்த தொட்டியை மீட்டதற்கும் போயிற்று. ஹைட்ராவின் இரண்டாவது வாடகை முழுவதும் வீண். இதைப் போட்டுப் பார்த்தால் பிளாஸ்டிக் தொட்டியை வாங்கியிருக்கலாமோ என்று தோன்றும். ஆனால் பிளாஸ்டிக் தொட்டி இதைவிட இலேசு. அந்த இரவில் அதுவும் மிதந்திருக்கும், இன்னும் சீக்கிரமாகவே.

தொட்டியைத் தூக்கும் நாளை ஹைட்ரா கிடைக்கும் நாளை வைத்து முடிவு செய்தோம். தண்ணீர் லாரி கிடைக்கும் நாளை வைத்து முடிவு செய்திருக்க வேண்டும். காலையில் இறக்கியிருந்தால் மாலைக்குள் பாதி நிரப்பி மண்ணும் தள்ளியிருக்கலாம். பிற்பகலில் இறக்குவதற்கு அவசரத்தைத் தவிர வேறு காரணம் இல்லை. குழியை முன்னாளே வெட்டி வைத்தபோதே மண்ணை மேட்டுப்புறம் குவிக்கச் சொல்லியிருந்தால் ஒரு ரூபாய் செலவில்லாமல் வரப்பு கிடைத்திருக்கும். ஓட்டுநருக்கு நிற்க வசதியான பக்கம் பள்ளப்புறம் என்பதால் அவர் போக்கில் விட்டோம். காங்கிரீட் கட்டைகளை நான் முதல் முறையே சொல்லாததற்கு என்னிடம் சமாதானம் இல்லை. கனத்தை எப்படித் தூக்குவது என்பதிலேயே என் கவனம் முழுவதும் இருந்தது.

இப்போது ஐப்பசி, கார்த்திகை இரண்டு மாதமும் தொட்டியில் கால் பங்குக்குக் கீழே தண்ணீர் இறங்கக் கூடாது என்று அண்ணன் ஓர் ஒழுங்கு வைத்திருக்கிறார். அளவுக் கழியில் அந்த உயரத்துக்குச் சிவப்புச் சாயம் பூசியிருக்கிறது. தோப்புக்குத் தண்ணீர் விடும் பையன் அதைத் தாண்டி இறைத்தால் மோட்டாரை நிறுத்திவிட்டுத் தகவல் சொல்ல வேண்டும். மழைக்காலத்தில் தண்ணீரை மிச்சம் பிடிக்கச் சொல்கிறாரே என்று அவன் முதலில் சிரித்தானாம்.